வியாழக்கிழமைக்குள் ஒரு மணி நேரம்

காப்புரிமை ஆய்வாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வருபவர்கள் தங்கள் துறையில் பழைய காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பில் சொல்லியிருந்தார்கள். எதுவாகவும் இருக்கலாம். நான்கு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் கண்டுபிடிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கோகிலவாணி தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.

அது ஓர் ஆடி மாதத்து வியாழக்கிழமை. அன்று அவள் தம்பி பூபதி உயிரோடு இருந்தான். மறுநாள் விடியும்போது இல்லை.

இயந்திரங்கள் கண்டுபிடிக்கத் தொடங்கிய பிறகு விண்ணப்பத்துக்குப் பஞ்சமில்லை. எந்தத் தேதியைத் தொட்டாலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் போர் மோட்டார். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தாள், அந்தப் பிரிவையே மூடும் வரை. அந்த வியாழக்கிழமையில் போர் மோட்டார் பற்றி ஒரு விண்ணப்பமாவது இருக்க வேண்டுமே என்று தேடினாள். இருந்தது. மணல் அடைக்காமல் தடுக்கும் ஒரு வளையம். அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சென்னையில், அடையாற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் காத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் பெயர் சோலைராஜ். மதுரைக்காரன். சும்மா இருக்கத் தெரியாதவன்.

"எந்தத் தேதிங்க எடுத்துருக்கீங்க?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி. ஒரு ஆடி மாசம்."

"நான் கிரிக்கெட் பைனலுக்கு மொத நாள் எடுத்துருக்கேன். உள்ள போனா அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் மறந்திருமாமே, ஒரு மணி நேரம் யாரு ஜெயிப்பான்னு தெரியாம இருக்கலாம்ல? அந்தப் படபடப்பு இருக்கே, காசு குடுத்தாலும் கெடைக்காது."

"உள்ள டிவி வெக்க மாட்டாங்களே."

"அதத்தாங்க நானும் யோசிக்கிறேன். மேட்ச் இல்லாத படபடப்ப வெச்சு என்ன பண்றது?"

அவள் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அதற்காகவே அவனைப் பிடித்தது. அவன் வேறு ஏதோ கேட்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அறையில் இரண்டு பேர். நடுவில் இருந்தவர் தலைமை ஆய்வாளர் ரெஜினா. நரைத்த தலை, ஒப்பனையில்லாத முகம், மேஜைமேல் ஒரு பேனாவும் அவள் கொண்டுவந்த விண்ணப்பமும். ஓரத்தில் டாக்டர் ஹமீது. மூளை நரம்பு மருத்துவர். அதற்கு முன் பதினோரு வருடம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தவர் என்று ரெஜினா அறிமுகப்படுத்தினார். "பயப்பட வேண்டாம், இவர் கையில நிறைய உயிர் தங்கியிருக்கு" என்றார். டாக்டர் கூச்சத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ரெஜினா நேராக வளையத்துக்கு வந்தார்.

"இது எப்படி வேலை செய்யுது, சொல்லுங்க."

"மோட்டார நிறுத்தினா, குழாய்ல மேல ஏறின தண்ணி திரும்பக் கீழ விழுமுங்க மேடம். அப்ப மட்டும் இந்த வளையம் திறக்கும். விழற தண்ணியே அடைச்சிருக்கற மணலத் தள்ளி வெளிய அனுப்பிரும். வேற செலவே இல்லீங்க."

"இது கண்டுபிடிப்புதானா? இல்ல, இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் தோணக்கூடிய ஒண்ணா?"

"இப்ப எல்லா மோட்டார்லயும் இது இருக்குதுங்க. தண்ணி கீழ விழறது யாருக்குத் தெரியாது? தோணக்கூடியதுதானுங்க."

"யாருக்கும்?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் இதுக்கு முன்னால ஒருத்தரும் செய்யல? நீங்க எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருந்தீங்க?"

கோகிலவாணி விண்ணப்பத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"விடை தெரிஞ்ச பிறகு எல்லாமே லேசாத் தெரியும்" என்றார் ரெஜினா. "இந்த வேலையில இருக்கிறவங்களுக்கு வர்ற ஒரே நோய் அதுதான். அந்தத் துறையில பழக்கமுள்ள ஒருத்தருக்கு விண்ணப்பம் வந்த தேதியில என்ன தெரியும், என்ன தெரியாது, அத வெச்சுத்தான் தீர்ப்புச் சொல்லணும். அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கிட்டத மறக்கணும். மனுஷனால தானா மறக்க முடியாது. அதுக்குத்தான் ஒரு மணி நேரம் ஞாபகத்துக்குத் திரை போடறோம்."

"இத மிஷினே பாக்க முடியாதுங்களா?"

"மிஷினுக்கு ஆச்சரியப்படத் தெரியாது. எதக் காட்டினாலும் இது தெரிஞ்சதுதானேங்குது. சில வருஷம் அதுகிட்ட விட்டுப் பாத்துட்டு, திரும்ப ஆளுங்களக் கூப்பிட்டிருக்கோம்."

அவள் தலையசைத்தாள். இயந்திரத்தின் அந்தக் குணம் அவளுக்குத் தெரியும்.

பூபதியை எடுத்து அடக்கம் செய்த மறுநாள், அவன் கடைசி இரண்டு நாளும் சொன்னதையெல்லாம் கைப்பேசியிடம் சொல்லிப் பார்த்தாள். தோள்பட்டை வலி. நெஞ்சு கரிப்பு. அசதி. அது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாரடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றது. பெரியம்மா சாவு வீட்டிலேயே சொல்லிவிட்டாள்: "படிச்ச புள்ள. வீட்டுலயே இருந்திருக்கறா. இது தெரிய வேண்டாமா?" அதன்பிறகு வந்த ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விதத்தில் அதையே கேட்டார்கள். தோள் வலின்னாலே பாக்க வேண்டாமா. நெஞ்சுன்னு சொன்னானா, அப்பறம் என்ன.

கேஸ்தான் என்று சொன்னவள் அவள். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தவள் அம்மா. அந்த வாரத்தோடு வீட்டில் ஓம டப்பாவைக் காணோம். அம்மா அதை என்ன செய்தாள் என்று கோகிலவாணி கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் அவன் பெயரைச் சொல்லாமல் வாழப் பழகிவிட்டார்கள்.

வேலை அவளுக்கு வேண்டும். பொய்யில்லை. ஆனால் அதைவிட அந்த ஒரு மணி நேரம் வேண்டும். அவன் இருக்கிற ஒரு மணி நேரம்.

டாக்டர் ஹமீது மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தலையில் வைப்பது.

"எதையும் அழிக்கிறது இல்லம்மா. அந்தத் தேதிக்கு அப்புறம் வந்ததுக்கெல்லாம் போற கதவ ஒரு மணி நேரம் சாத்தி வைக்கிறோம். அப்புறம் தானாத் தெறந்துக்கும்."

"உள்ள இருக்கறப்போ, நான் எப்படி இங்க வந்தேன்னு கேக்க மாட்டேனுங்களா?"

"கனவுல கேக்கறீங்களா? எங்கயோ இருப்பீங்க, யாரோடயோ பேசுவீங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கும். அந்த மாதிரி. வெளிய வந்தா கனவு மாதிரியே கலைஞ்சும் போயிடும். அதனாலதான் பதிவு பண்றோம்."

பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒரு கேள்வி. கட்டாயம் கேக்கணும். அந்தத் தேதிக்கு அப்புறம் உங்க வீட்ல யாராவது இறந்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"எதுக்குக் கேக்கறேன்னா, கதவு தெறக்கும்போது எல்லாம் ஒண்ணா உள்ள வரும். வேலை போனது, வீடு மாறினது, அதெல்லாம் பரவாயில்ல. சாவா இருந்தா அது அப்பத்தான் நடந்த மாதிரி வரும். பழகின துக்கமா வராது. போன வருஷம் ஒருத்தர் மனைவி போனத மறைச்சிட்டு உட்கார்ந்தார். எழுந்தவர் அந்த அம்மாவுக்குப் போன் போடணும்னு கேட்டார். அதுக்கப்புறம் அவர் இந்த வேலைக்கும் வரல, எந்த வேலைக்கும் போகல. இருந்தாச் சொல்லிடுங்க. தப்பா நினைக்க மாட்டோம். நீங்க உட்காரக் கூடாது, அவ்வளவுதான்."

"எங்க வீட்ல அப்பிடி ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

ரெஜினா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே பழைய தினசரி நாள்காட்டிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை எடுத்து, தாள்களைத் திருப்பி, அந்த வியாழக்கிழமையை மேலே வைத்துச் சுவரில் மாட்டினார். கோகிலவாணியின் கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

சுவரில் இருந்த தேதியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் இந்தத் தாளைக் கிழித்தது யார் என்று நினைவில்லை. யாரும் கிழிக்காமல் வெகுநாள் அப்படியே தொங்கியது.

"ரெடியா?" என்றார் டாக்டர்.

"ரெடிங்க."

பட்டை நெற்றியில் சில்லென்று பட்டது.

"பஸ்ஸு வந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் திறந்தாள். ஒரு மணி நேரம் முடிந்து, பட்டையைக் கழற்றியிருந்தார்கள். எந்தப் பஸ் என்று தெரியவில்லை. யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அவள் உதட்டில்தான் அந்தச் சிரிப்பு இருந்தது. உடம்பு லேசாக இருந்தது. எத்தனையோ நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.

பிறகு அது வந்தது.

குளியலறைக் கதவு. அம்மா கத்திய கத்தல். அவன் கால் ஈரத்தில் கிடந்த விதம். தூக்கும்போது கனத்த கனம். எல்லாம் இந்த நிமிடம் நடந்தது. அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஹமீது முன்னால் வந்து குனிந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"யாரும்மா?"

"என்ற தம்பிங்க."

"எப்ப?"

அவள் சுவரில் இருந்த தேதியைக் காட்டினாள். "நாளைக்கு" என்றாள். பிறகு தலையை ஆட்டி, "இந்தத் தேதி முடிஞ்சு மக்யா நாளு, வெடியறதுக்குள்ள" என்றாள்.

ரெஜினா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டார். அவள் குடித்து முடித்தாள். வெளியே மின்சார ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகு ரெஜினா கேட்டார்.

"தேதிய வெச்சுத்தான் இந்த விண்ணப்பத்த எடுத்தீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"மறைச்சிருக்கீங்க. இந்த வேலை உங்களுக்கு இல்லைன்னு தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"மாட்டிக்க மாட்டேன்னு நெனச்சேனுங்க. இப்பிடி வருமுன்னு நெனைக்கல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், ஒண்ணே ஒண்ணு. உள்ள நான் அவனப் பத்திப் பேசினேனுங்களா? எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. அதுக்காவத்தான் வந்தேன். அவன் இருக்கறான்னு நெனச்சுட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் போதுமுங்க. எனக்கு அதக் கேக்கணும்."

"பதிவ நீங்க பாத்துத்தான் ஆகணும். வேலை கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் அது விதி" என்று ரெஜினா சுவரிலிருந்த ஒளித்திரையைப் போடப் போனார்.

"மேடம்" என்றார் டாக்டர். "இன்னிக்கு வேண்டாமே."

"அவங்க உடம்பு தாங்காதுன்னு சொல்றீங்களா?"

டாக்டர் கோகிலவாணியைப் பார்த்தார்.

"தாங்காதா, டாக்டர்?"

"தாங்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு இடம் இருக்கு. அத மட்டும் தள்ளிட்டுப் போடலாமான்னு பாத்தேன்." சற்றுப் பொறுத்து, "வேண்டாம். முழுசாவே போடுங்க" என்றார்.

திரையில் அவளே உட்கார்ந்திருந்தாள். அதே சுடிதார், அதே நாற்காலி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு யாரோ ஒரு தங்கச்சியைப் பார்ப்பது போலிருந்தது. தோள் தளர்ந்து, காலைச் சாவகாசமாக மடக்கி வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அட!" என்றாள் திரையில் இருந்தவள்.

"என்ன அட?" என்றது ரெஜினாவின் குரல்.

"விழற தண்ணிய வெச்சே மணல வெளிய தள்றானுங்க. நாங்க ரெண்டு வருசமா சல்லடையச் சின்னது பண்ணிட்டே கெடக்கறோம். இன்னுஞ் சின்னது, இன்னுஞ் சின்னதுன்னு. இவன் சல்லடையே வேண்டாம்னுட்டான்."

"உங்களுக்குத் தோணியிருக்குமா?"

"சத்தியமாத் தோணியிருக்காதுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணியிருக்காது. தண்ணி விழறது தெரியுமுங்க. ஆனா அது எங்களுக்கு ஒரு தொந்தரவாத்தான் தெரியும். அதுல ஒரு வழி இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

அதன்பிறகு வளையம், வளையம், வளையம்தான். ஓட்டையின் அளவு, ரப்பரின் தடிமன், செம்மண் நிலத்தில் தாங்குமா, தாங்காதா. திரையில் இருந்தவள் ஒரு தாளை வாங்கிப் படம் போட்டுக் காட்டினாள். ரெஜினாவோடு வாதாடினாள். பார்த்துக்கொண்டிருந்தவள் பூபதி பூபதி என்று காத்துக்கொண்டிருந்தாள். அவன் வரவே இல்லை.

மெல்ல அவளுக்குப் புரிந்தது. அவன் வீட்டில் இருக்கிறான். இருக்கிறவனை எதற்கு நினைக்க வேண்டும்?

திரையில் இருந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். டம்ளரோடு நாள்காட்டிக்கு முன்னால் நின்றாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ராசிபலனை வாசித்தாள்.

"துலாம், உற்சாகம். ம், நல்லாச் சொன்னான் போ!"

"உங்க ராசியா?" என்றது டாக்டர் ஹமீதின் குரல்.

"என்ற தம்பியோடதுங்க. உற்சாகமாம். நேத்திருந்து தோள்பட்ட வலிக்குதுன்னு சோபாவ விட்டு எந்திரிக்கல அந்தத் துரை."

"என்ன வயசு?"

"இருவத்தொம்போதுங்க. ஞாயித்துக்கெழமையானா பேட்டத் தூக்கிட்டுப் போயிருவான். வெயில்ல நாளெல்லாம் ஆட்டம். ராத்திரி புரோட்டாவத் தின்னுபோட்டு இப்ப நெஞ்சு கரிக்குதுங்கறான்."

"கேஸா இருக்கும்."

"நானும் அதையேதாஞ் சொன்னேனுங்க! அம்மா ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தாங்க."

"அது போதும். இஞ்சியும் கொஞ்சம் தட்டிப் போடச் சொல்லுங்க. பேட் புடிக்கிற கைதானே, ரெண்டு நாள் சும்மா இருந்தாச் சரியாயிடும்."

"சும்மாவா? அவனா? வர்ற ஞாயித்துக்கெழமையும் போவான் பாருங்க. அக்கா சொன்னா அவங் காதுல ஏறாதுங்க." திரையில் இருந்தவள் சிரித்தாள். தம்பி மேல் எரிச்சல் இருக்கிற ஓர் அக்கா சிரிக்கிற சிரிப்பு. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பவும் வளையத்துக்குப் போய்விட்டாள்.

ரெஜினா பதிவை நிறுத்தினார்.

டாக்டர் ஹமீது கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள முயன்றார். ஒரு காம்பு காதில் மாட்டவில்லை.

"டாக்டர்" என்றார் ரெஜினா. வளையத்தைப் பற்றிக் கேட்ட அதே குரல். "அவங்களப் பேச வைக்கிறதுக்காகச் சும்மா சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். கோகிலவாணிக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"இல்ல" என்றார் டாக்டர். "மனசுல பட்டதத்தான் சொன்னேன். வெளியில எங்கயாவது கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

"அவங்க சொன்னதுல எதுவும் உறுத்தலையா?"

"இல்ல."

"பதினோரு வருஷம் நெஞ்சு வலியப் பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன். சின்ன வயசு, ஆடுற கை, புரோட்டா. வேற எதுவும் தோணல."

"இப்ப?"

"இப்ப எல்லாம் உறுத்துது, மேடம். தோள்பட்டை, கரிப்பு, எழுந்திருக்காமக் கிடந்தது. ஒவ்வொண்ணும் கத்துது. அப்பக் கத்தல." அவர் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "என்ன மன்னிச்சிரும்மா."

"ஐயோ, நீங்க எதுக்குங்க" என்றாள் அவள். "நீங்க எதுக்குங்க, டாக்டர்..."

ரெஜினா பேனாவை எடுத்தார். எழுதவில்லை. மூடியைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அந்தத் துறையில பழக்கமுள்ள ஒருத்தர்" என்றார். "அன்றைய தேதிக்கு. கையில இருந்த விவரத்த மட்டும் வெச்சு. தெரிஞ்சிருக்க வழியில்ல." டாக்டரையும் அவளையும் பார்த்தார். "இது என் தீர்ப்பு. நான் முப்பது வருஷமா சொல்ற தீர்ப்புதான். இத எங்கயும் எழுத மாட்டேன். நீங்க கேட்டுக்கிட்டீங்க, அது போதும்."

கோகிலவாணி எழுந்து நின்று கும்பிட்டாள். ரெஜினாவையா, டாக்டரையா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருடமாக எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். விதி என்றார்கள், அவ்வளவுதான் ஆயுசு என்றார்கள். ஒருவரும், எனக்கும் தெரிந்திருக்காது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். இதை நம்பினாள். இது பின்னால் யோசித்துச் சொன்னதல்ல.

"வேலை விஷயம்" என்றார் ரெஜினா, கைப்பேசியையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "இந்தத் தடவை இல்ல. அதுல மாத்தமில்ல. ஆனா திரைக்கு முன்னால நீங்க வளையத்தப் பத்திச் சொன்னது தப்பு, உள்ள போய்ச் சொன்னது சரி. அது பதிவுல இருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது வேற தேதி எடுத்துட்டு வாங்க."

"வேற தேதின்னா எதுங்க மேடம்?"

"தம்பி போனதுக்கு அப்புறம் ஒரு தேதி. திரைக்கு உள்ளயும் வெளியயும் தம்பி இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவள் தலையசைத்தாள். கதவு வரை போனதும் ரெஜினா பின்னாலிருந்து, அதுவரை கேட்காத நாகர்கோவில் பேச்சில், "போயிட்டு வா மக்ளே. வழியில எதாவது சாப்பிடு" என்றார்.

வெளியே சோலைராஜ் எழுந்து நின்றான். அவள் கண்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"என்னங்க, ரொம்பக் கஷ்டமோ உள்ள?"

"இல்லீங்க. நல்ல மனுசங்க. அவங்க கேக்கறதுக்கு மட்டும் மறைக்காமப் பதில் சொல்லிருங்க." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுருவீங்க."

"மேட்ச்லயா, வேலையிலயா?"

"ரெண்டுலயும்" என்றாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. ஒரு டீக்கடையில் நின்று பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டாள். பசித்தது. இத்தனை பசி எப்போதிருந்து என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் ஒரு மளிகைக்கடை. உள்ளே போய்ப் பார்த்து, ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, என்னாச்சு?"

"கெடைக்கலம்மா."

"போச்சாது விடு. சாப்பிட்டயா?"

"சாப்பிட்டேன். அம்மா, நம்ம வீட்டுல ஓமம் இல்லதானே?"

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்ல" என்றாள் அம்மா.

"நான் வாங்கியிருக்கறேன். கொண்டாறேன்."

"எதுக்குச் சாமி?"

"இங்க ஒரு டாக்டரு, அம்மா. பெரிய டாக்டரு. அவருகிட்ட எல்லாஞ் சொன்னேன். தோள்பட்ட வலி, நெஞ்சு கரிப்பு, எல்லாம். எப்பிடி முடிஞ்சுதுன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. அவரும் கேஸுன்னுதாம்மா சொன்னாரு. ஓமத்தண்ணியே போதும்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இஞ்சியுங் கொஞ்சம் தட்டிப் போடச் சொன்னாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குறை சொல்கிற குரலில், சமையல்கட்டில் நின்று பேசுகிறவள் போல அம்மா சொன்னாள்:

"இஞ்சி போட்டாக் காட்டமா இருக்குமே கண்ணு. பூபதி குடிக்க மாட்டானே."

"மாட்டாம்மா" என்றாள் கோகிலவாணி.